ஒரே வேலை, மாநிலத்துக்கு ஒரு லைசென்ஸ்: அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபி அசிஸ்டென்ட் ஆவது எப்படி?

ஒரு உதாரணம். கணவருக்கு டெக்சாஸில் ஐ.டி. வேலை. மனைவி அங்கேயே இரண்டு வருடம் படித்து, தேர்வு எழுதி, லைசென்ஸ் வாங்கி, ஒரு மறுவாழ்வு மையத்தில் வேலைக்குச் சேர்கிறார். அடுத்த வருடமே கணவரின் புராஜெக்ட் கலிபோர்னியாவுக்கு மாறுகிறது. வீட்டுச் சாமான்கள் லாரியில் போய்ச் சேர்ந்துவிடும். மனைவியின் லைசென்ஸ்? அது டெக்சாஸ் எல்லையோடு நின்றுவிடும்.

சென்னையில் எடுத்த டிரைவிங் லைசென்ஸோடு பெங்களூரில் வண்டி ஓட்டிப் பழகிய நமக்கு இது விநோதமாகத் தெரியலாம். ஆனால் அமெரிக்காவில் மருத்துவம் சார்ந்த வேலைகளுக்கு இதுதான் நடைமுறை. ‘ரெண்டு வருஷப் படிப்பு, நல்ல சம்பளம்’ என்று நண்பர்கள் சொல்லி இந்தத் துறையை யோசிப்பவர்களும், அமெரிக்காவில் இருக்கும் அக்கா, தங்கைக்காகத் தகவல் தேடுபவர்களும் ஃபீஸ் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

முதல்ல, இது என்ன வேலை?

பக்கவாதம் வந்து கை அசையாமல் போனவருக்கு மறுபடி சட்டைப் பட்டன் போடக் கற்றுத்தருவது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பென்சில் பிடிக்க, கத்தரிக்கோலால் வெட்ட, பல் தேய்க்கப் பழக்குவது. இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்த பாட்டி வழுக்கி விழாமல் குளிக்க வழி காட்டுவது. அன்றாட வேலைகளைத் தானாகச் செய்ய ஒருவரைத் தயார்ப்படுத்துவதுதான் ஆக்குபேஷனல் தெரபி.

நோயாளியைப் பரிசோதித்து சிகிச்சைத் திட்டம் போடும் பொறுப்பு தெரபிஸ்ட்டுக்கு. அந்தத் திட்டப்படி நோயாளியோடு உட்கார்ந்து பயிற்சி கொடுப்பவர் அசிஸ்டென்ட். இவர் எப்போதும் ஒரு தெரபிஸ்ட்டின் மேற்பார்வையில்தான் வேலை செய்ய முடியும். தனியாகப் போர்டு மாட்டி கிளினிக் நடத்த முடியாது.

‘எய்டு’ என்று இன்னொரு வேலை உண்டு. உபகரணங்களை எடுத்து வைப்பது, இடத்தைத் தயார் செய்வது போன்றவை அவர் வேலை. அதற்குப் பெரும்பாலும் லைசென்ஸ் தேவையில்லை. சம்பளமும் பாதிக்குப் பக்கம்தான். விளம்பரங்களில் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் 2024 கணக்குப்படி, அசிஸ்டென்ட்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 68,000 டாலரை ஒட்டி இருக்கிறது.

ஏன் மாநிலத்துக்கு மாநிலம் தனி லைசென்ஸ்?

அமெரிக்க அரசியல் சாசனப்படி, மக்களின் உடல்நலம், பாதுகாப்பு சார்ந்த சட்டங்களைப் போடும் அதிகாரம் முதன்மையாக மாநிலங்களின் கையில் இருக்கிறது. டாக்டர்களுக்கு மாநில லைசென்ஸ் கட்டாயம் என்ற மேற்கு வர்ஜீனியா சட்டத்தை எதிர்த்து ஒரு டாக்டர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1889-ல் வந்த தீர்ப்பு மாநிலத்தின் பக்கம் நின்றது. இன்றைய மாநில வாரியங்கள் நிற்பது அந்த அஸ்திவாரத்தின் மேல்தான்.

இன்று எல்லா மாநிலங்களும் அசிஸ்டென்ட் வேலையைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டன. ஆனால் கட்டணம், படிவம், புதுப்பிக்கும் தேதி, படிக்க வேண்டிய மணி நேரம் எல்லாமே ஒவ்வொரு மாநிலத்திலும் வேறு வேறு.

லைசென்ஸ் வாங்க மூன்று கட்டங்கள்

1. படிப்பு: ‘அகோட்’ என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற அசிஸ்டென்ட் படிப்பை முடித்திருக்க வேண்டும். பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜ்களில் நடக்கும் இரண்டு வருட அசோசியேட் டிகிரி. சில இடங்களில் நான்கு வருட இளநிலைப் பட்டமாகவும் இருக்கிறது. கடைசியில் குறைந்தது 16 வாரம் மருத்துவமனை, பள்ளி, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் முழுநேர நேரடிப் பயிற்சி எடுக்க வேண்டும்.

இங்கேதான் கவனம் தேவை. புதிதாகத் தொடங்கிய சில படிப்புகள் ‘அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்’ என்ற நிலையில் இருக்கும். அங்கீகாரம் வந்து சேரும்வரை அங்கே படித்தவர் அடுத்த கட்டத் தேர்வில் உட்கார முடியாது. அகோட் இணையதளத்தில் காலேஜ் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டே அட்மிஷன் போடுங்கள்.

2. தேசியத் தேர்வு: இதை நடத்துவது என்.பி.சி.ஓ.டி. என்ற அமைப்பு. நான்கு மணி நேரக் கம்ப்யூட்டர் தேர்வு. மதிப்பெண் 300-லிருந்து 600 வரை போகும். 450 எடுத்தால் பாஸ். பாஸானவர் ‘சி.ஓ.டி.ஏ.’ என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். நாடு முழுக்க இந்த ஒரே தேர்வுதான்.

பாஸ் ஆகிவிட்டோம், வேலைக்குப் போகலாம் என்று நினைத்தால் அது தப்பு. இது சான்றிதழ் மட்டுமே. வேலை செய்யும் அனுமதி மூன்றாவது கட்டத்தில்தான் வரும்.

3. மாநில வாரியம்: எந்த மாநிலத்தில் வேலை பார்க்கப் போகிறீர்களோ, அந்த மாநில வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண்ணை என்.பி.சி.ஓ.டி. நேரடியாக வாரியத்துக்கு அனுப்பும். பல மாநிலங்கள் கைரேகை எடுத்துக் குற்றப் பின்னணியைச் சரிபார்க்கின்றன. டெக்சாஸில் கூடுதலாக மாநிலச் சட்டம், விதிகள் பற்றி ஆன்லைனில் ஒரு தேர்வும் உண்டு.

படிப்பு முடிந்து தேர்வுக்குக் காத்திருப்பவர்களுக்குச் சில மாநிலங்கள் தற்காலிக அனுமதி கொடுக்கின்றன. கலிபோர்னியாவும் டெக்சாஸும் அதில் அடக்கம். ஆனால் தேர்வில் ஃபெயில் ஆனால் அந்த அனுமதியும் போய்விடும்.

இந்தியாவில் படித்தவர்கள் நேரடியாகப் போகலாமா?

அசிஸ்டென்ட் வேலைக்கு முடியாது. வெளிநாட்டில் படித்த தெரபிஸ்ட்களுக்கு என்.பி.சி.ஓ.டி. தனியாக ஒரு தகுதி மதிப்பீட்டு முறை வைத்திருக்கிறது. அசிஸ்டென்ட்களுக்கு அப்படி ஒரு வழி இல்லை. அகோட் அங்கீகாரம் பெற்ற படிப்பையே முடிக்க வேண்டும்.

சரி, இங்கே பி.ஓ.டி. முடித்தவர் தெரபிஸ்ட் ஆகவே போகலாமே? அமெரிக்காவில் தெரபிஸ்ட் ஆவதற்கே இப்போது முதுநிலைப் பட்டம் அல்லது டாக்டரேட் வேண்டும். எனவே இளநிலைப் பட்டம் மட்டும் கையில் இருப்பவர்கள், தங்கள் படிப்பு அங்கே எப்படி மதிப்பிடப்படும் என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

லைசென்ஸ் இருந்தா வேலை செய்யலாமா? விசா?

நம் வீடுகளில் அதிகம் கேட்கப்பட வேண்டிய கேள்வி இதுதான். லைசென்ஸ் வேறு, வேலை அனுமதி வேறு. ஒன்றை மாநிலம் தருகிறது. இன்னொன்றை மத்திய அரசு தருகிறது. இரண்டும் கையில் இருந்தால்தான் சம்பளம்.

* எச்-4 விசாவில் இருக்கும் கணவன் அல்லது மனைவி காலேஜில் படிக்கலாம். ஆனால் வேலை செய்ய ‘இ.ஏ.டி.’ என்ற அனுமதி அட்டை வேண்டும். 2015 மே மாதம் தொடங்கிய இந்தத் திட்டத்தில், எச்-1பி வைத்திருப்பவரின் கிரீன் கார்டு நடைமுறை குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் துணைக்கு அந்த அட்டை கிடைக்கும். அட்டை இல்லாதவர் லைசென்ஸ் வாங்கினாலும் அதைச் சுவரில்தான் மாட்டி வைக்க முடியும்.
* அட்டை இல்லையென்றால் பொதுவாகச் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இருக்காது. பல மாநில விண்ணப்பங்கள் அந்த எண்ணைக் கேட்கும். கலிபோர்னியாவில் அதற்குப் பதிலாக வருமான வரிக்கான ‘ஐ.டி.ஐ.என்.’ எண்ணைக் கொடுக்கச் சட்டமே இடம் தருகிறது.
* இங்கிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் போய் இதைப் படித்து, எச்-1பி-க்கு மாறலாம் என்ற கணக்கு சிக்கலானது. எச்-1பி-க்கு அந்த வேலையே குறைந்தது இளநிலைப் பட்டம் கேட்கும் வேலையாக இருக்க வேண்டும். அசிஸ்டென்ட் வேலைக்கு அசோசியேட் டிகிரியே போதும் என்பதால், அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது.

ஆக, கிரீன் கார்டோ இ.ஏ.டி.யோ ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வழி. அமெரிக்கா போவதற்கான வழியாக யாராவது இதைக் காட்டினால், யோசித்துத் தலையாட்டுங்கள்.

புதுப்பித்தல்: தனித்தனியாக ஓடும் இரண்டு கடிகாரங்கள்

லைசென்ஸ் வாங்குவதைவிடப் பலருக்குத் தலைவலி தருவது இதுதான். காரணம், தேசியச் சான்றிதழும் மாநில லைசென்ஸும் வேறு வேறு தேதிகளில் காலாவதி ஆகும்.

தேசியச் சான்றிதழை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 31-க்குள் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் வகுப்புகள், பயிலரங்குகள், மாணவர்களுக்கு வழிகாட்டுதல் போன்றவற்றின் மூலம் 36 புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும்.

மாநில லைசென்ஸ்? நான்கு பெரிய மாநிலங்களைப் பாருங்கள்:

* டெக்சாஸ்: இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, உங்கள் பிறந்த மாதத்தின் கடைசி நாளுக்குள். 24 மணி நேரத் தொடர் படிப்பு. மனிதக் கடத்தலைக் கண்டறிந்து தடுப்பது பற்றிய பயிற்சியும் கட்டாயம்.
* கலிபோர்னியா: இதுவும் இரண்டு ஆண்டு, பிறந்த மாதக் கணக்கு. 24 புள்ளிகள். அதில் பாதியாவது நேரடி சிகிச்சை சார்ந்ததாக இருக்க வேண்டும்.
* புளோரிடா: ஒற்றைப்படை ஆண்டுகளில் பிப்ரவரி 28. எல்லோருக்கும் ஒரே தேதி. 26 மணி நேரம். மருத்துவத் தவறுகளைத் தடுப்பது பற்றி 2 மணி நேரமும், மாநிலச் சட்டம் பற்றி 2 மணி நேரமும் அதில் அடக்கம்.
* நியூயார்க்: மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. 36 மணி நேரம்.

ஒரே வகுப்பை இரண்டு கணக்கிலும் காட்ட முடியுமா? பல நேரம் முடியும். ஆனால் மாநிலம் கட்டாயம் என்று சொல்லும் தலைப்புகளை வேறு வகுப்பால் ஈடுகட்ட முடியாது. 24 மணி நேரம் முடித்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர், அந்த ஒரு தலைப்பை விட்டிருந்தால் மாட்டிக்கொள்வார்.

விண்ணப்பிக்கும்போது சான்றிதழ்களை எல்லாம் அனுப்பச் சொல்ல மாட்டார்கள். ‘முடித்துவிட்டேன்’ என்று உறுதி சொன்னால் போதும். பிறகு குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்து ஆதாரம் கேட்பார்கள். அப்போது சான்றிதழ் இல்லையென்றால், பொய் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளப்படலாம்.

தேதி தவறினால் என்ன ஆகும்?

தேசியச் சான்றிதழ் காலாவதி ஆனால் ‘சி.ஓ.டி.ஏ.’ என்ற எழுத்துகளைப் போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் பல மாநிலங்களில், மாநில லைசென்ஸ் உயிரோடு இருக்கும்வரை வேலையைத் தொடரலாம். சான்றிதழும் வேண்டும் என்று மாநிலமோ நிறுவனமோ கேட்டால்தான் பிரச்சினை.

மாநில லைசென்ஸ் காலாவதி ஆனால் கதையே வேறு. அன்று முதல் நோயாளியைத் தொடக்கூடாது. ‘ரின்யூவல் போட்டுட்டேன், இன்னும் வரல’ என்பது பதில் ஆகாது. அந்த நாட்களில் வேலை செய்தால் லைசென்ஸ் இல்லாமல் சிகிச்சை அளித்ததாகவே கணக்கு. வாரியம் நடவடிக்கை எடுக்கலாம். அந்த நாட்களுக்குக் காப்பீட்டில் வாங்கிய பணத்தை நிறுவனம் திருப்பித் தர வேண்டி வரலாம். முதலில் போவது அசிஸ்டென்ட்டின் வேலைதான்.

டெக்சாஸில் ஓராண்டுக்குள் என்றால் தாமதக் கட்டணத்தோடு புதுப்பிக்கலாம். அதற்கு மேல் போனால் சாதாரணப் புதுப்பித்தல் கிடையாது. லைசென்ஸை மீட்கத் தனி நடைமுறை. புளோரிடாவில் காலாவதியான லைசென்ஸை அடுத்த சுற்று முடிவதற்குள் சரிசெய்யாவிட்டால், அது தானாகவே செல்லாததாகிவிடும்.

பிரசவம், ஊருக்கு நீண்ட பயணம், பெற்றோருக்கு உடல்நலமில்லை என்று பல காரணங்களால் இடைவெளி விழலாம். அப்படித் தெரிந்தால், லைசென்ஸைக் காலாவதி ஆகவிடாமல் ‘இன்ஆக்டிவ்’ நிலைக்கு மாற்றும் வசதி உங்கள் மாநிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வரும்போது வேலை சுலபம்.

மாநிலம் மாறினால் மறுபடி தேர்வா?

இல்லை. தேசியத் தேர்வை மறுபடி எழுத வேண்டாம். ஆனால் புது மாநிலத்தில் விண்ணப்பம், கட்டணம், கைரேகை எல்லாம் முதலிலிருந்து. இதுவரை லைசென்ஸ் வைத்திருந்த ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ‘இவர் மீது புகார் இல்லை’ என்ற உறுதியும் போக வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். புது வீட்டு வாடகை ஒப்பந்தம் போடும்போதே லைசென்ஸ் விண்ணப்பத்தையும் போட்டுவிடுவது நல்லது.

இந்தச் சிக்கலைக் குறைக்க மாநிலங்களுக்கு இடையே ஓர் ஒப்பந்தம் வந்திருக்கிறது. பெயர் ‘ஓ.டி. காம்பேக்ட்’. 2021-ல் வர்ஜீனியா முதலில் சேர்ந்தது. இப்போது 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதற்குச் சட்டம் போட்டிருக்கின்றன. சொந்த மாநில லைசென்ஸை வைத்துக்கொண்டு, சேர்ந்திருக்கும் வேறொரு மாநிலத்தில் வேலை செய்யும் உரிமையைக் கட்டணம் கட்டிப் பெறுவதுதான் இதன் யோசனை. இரண்டு மாநிலங்களும் சேர்ந்திருந்தால்தான் பயன். குடியே மாறிவிட்டால் புது மாநிலத்தைச் சொந்த மாநிலமாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

போனில் சேமித்து வைக்க ஒரு செக்லிஸ்ட்

* அட்மிஷனுக்கு முன்: காலேஜுக்கு அகோட் அங்கீகாரம் இருக்கிறதா? என் விசாவில் வேலை செய்ய முடியுமா?
* லைசென்ஸ் வந்த அன்றே: இரண்டு காலாவதி தேதிகளையும் காலண்டரில் போடுங்கள். ஆறு மாதம் முன்பும், இரண்டு மாதம் முன்பும் அலாரம் வையுங்கள்.
* ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும்: சான்றிதழை உடனே ஒரே ஃபோல்டரில் சேமியுங்கள்.
* வீடு மாறினால்: முகவரியையும் இமெயிலையும் வாரியத்தின் பதிவில் மாற்றுங்கள். நினைவூட்டல் கடிதம் வரவில்லை என்பதை எந்த வாரியமும் காரணமாக ஏற்காது.
* புதுப்பிக்கும் ஆண்டில்: மணி நேரமும் கட்டாயத் தலைப்புகளும் மாறியிருக்கலாம். தோழி சொன்னதை நம்பாமல் மாநில வாரியத்தின் இணையதளத்தைப் பாருங்கள்.
* புதுப்பித்த பிறகு: வாரியத்தின் இணையதளத்தில் உங்கள் பெயரைத் தேடி, புதிய தேதி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போங்கள்.