‘மாத்திரை போட்டாச்சா?’

இரவு ஒன்பது மணி. டைனிங் டேபிளில் அப்பாவின் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் எல்லாரும் பார்க்கவே கிடக்கின்றன. மகனுடைய மாத்திரை அங்கே இல்லை. அது பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில். வருகிறவர் போகிறவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே. அம்மா எடுத்துவந்து அவன் உள்ளங்கையில் வைக்கிறாள். “போட்டியாடா?” “ம்.” வாயைத் திறந்தும் காட்டுகிறான். நாலு மாதம் கழித்து மெத்தையை வெயிலில் போடத் தூக்கினால், உறைக்கும் பஞ்சுக்கும் நடுவில் அறுபது எழுபது மாத்திரைகள். பாதி கரைந்து, நிறம் வெளுத்து.

இது குறிப்பிட்ட ஒரு வீட்டின் கதை அல்ல. மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் இருக்கும் பல வீடுகளில் நடப்பதுதான். மெத்தைக்குப் பதில் துளசித் தொட்டி, ஜன்னல் சந்து, கொல்லைப்புறம் என்று இடம் மட்டும் மாறும். கண்டுபிடித்ததும் கிளம்பும் முதல் வார்த்தை, “ஏமாத்திட்டியே!” ஏமாற்றியது உண்மைதான். எதற்காக ஏமாற்றினான் என்று கேட்கிற வீடு குறைவு. மாத்திரையைத் துப்புகிறவரிடம் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கிறது. கேட்டால் நமக்கும் புரிகிற காரணம்தான்.

டேபிளில் மாத்திரையைப் பரப்பி வைத்திருக்கும் அப்பாவும் இதில் பெரிய யோக்கியர் அல்ல. நீண்டகால நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களில், வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் கணக்குச் சொன்னது. மனநோயில் நிலைமை இன்னும் சிக்கல். பின்லாந்தில் மனச்சிதைவுக்காக முதன்முறை மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய 2,588 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2011-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. வீட்டுக்கு வந்து 30 நாளுக்குள் மருந்துக் கடைக்குப் போய் மாத்திரை வாங்கியவர்களே 58 சதவீதம்தான். அமெரிக்காவில் 1,493 மனச்சிதைவு நோயாளிகளைச் சேர்த்து நடந்த ‘கேட்டி’ ஆய்வின் முடிவு 2005-ல் வந்தது. 18 மாதத்துக்குள் 74 சதவீதம் பேர் தொடங்கிய மருந்தைக் கைவிட்டிருந்தார்கள். பலன் போதவில்லை என்று விட்டவர்கள் உண்டு, உடம்பு தாங்காமல் விட்டவர்கள் உண்டு, வேண்டாம் என்று தாங்களே முடிவெடுத்தவர்களும் உண்டு. நான்கில் மூன்று பேர் ஒரு பொருளை வேண்டாம் என்கிறார்கள் என்றால், குற்றத்தை முழுக்க அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை.

மாத்திரையை நிறுத்தியதும் முதலில் வருவது நோய் அல்ல, நிம்மதி. பகலெல்லாம் சொக்கிய கண் தெளிகிறது. வாயோரம் வழிந்த எச்சில் நிற்கிறது. கை நடுக்கம் குறைகிறது. “பார்த்தியா, நிறுத்தினப்புறம்தான் நல்லாயிருக்கேன்” என்று அவர் சொல்லும்போது வீட்டாருக்கும் சந்தேகம் தட்டுகிறது. சில வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் இப்படியே ஓடும். நோய் திரும்பும்போது, நிறுத்திய மாத்திரைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாருக்கும் உறைப்பதில்லை. மாமா வீட்டுச் சண்டை, வேலை போனது, அமாவாசை என்று பழி வேறெங்கோ போய் விழும். நியூயார்க்கில் முதல் முறை மனச்சிதைவு கண்டவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999-ல் வெளியான ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது. இந்த ஐந்து மடங்கு, நிறுத்திய முதல் மாதத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மனச்சோர்வு மாத்திரையில் கணக்கு தலைகீழ். குமட்டலும் படபடப்பும் முதல் வாரமே வந்துவிடும். மனம் லேசாக இரண்டிலிருந்து நான்கு வாரமாவது ஆகும். தொல்லை முன்னால், பலன் பின்னால். இதை முதல் நாளே டாக்டர் சொல்லவில்லை என்றால் பத்தாம் நாள் அட்டை குப்பைக்குப் போவதில் ஆச்சரியம் என்ன?

படித்தவர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று நினைப்பவர்களுக்கு கே ரெட்ஃபீல்ட் ஜேமிசனின் கதையைச் சொல்லலாம். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவத் துறையில் பேராசிரியர். இருதுருவ மனநோய் பற்றிய முக்கியமான பாடநூலை எழுதியவர்களில் ஒருவர். அந்த நோய் அவருக்கே இருந்தது. அதைக் கட்டுப்படுத்தும் லித்தியத்தின் மகிமையை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே தன் லித்தியத்தை விட்டு விட்டு எடுத்தார். சாவின் விளிம்பு வரை போய் மீண்டார். 1995-ல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் சொல்லும் காரணங்களில் இரண்டு கவனிக்கத்தக்கவை. ஒன்று, நோய் தந்த உற்சாகத்தை இழக்க மனம் வரவில்லை; ஊரே தூங்கும்போது விழித்து வேலை பார்த்த அந்தச் சுறுசுறுப்பு மாத்திரையோடு போய்விட்டது. இன்னொன்று, அன்று கொடுத்த அளவில் அவரால் புத்தகம் படிக்க முடியவில்லை. வரி கண்ணில் ஓடும், மனதில் நிற்காது. படிப்பையே பிழைப்பாகக் கொண்ட ஒருவருக்குப் பல ஆண்டுகள் இப்படி. பிறகு அளவைக் குறைத்தார்கள். வாசிப்பு திரும்பி வந்தது. மருந்தை விடுவதற்கும் எடுப்பதற்கும் நடுவே, அளவை மாற்றுவது என்றொரு வழி இருந்திருக்கிறது.

பேராசிரியருக்குப் புத்தகம் என்றால் தையல்காரருக்கு ஊசிக் கண். டீக்கடையில் நிற்கும் பையனுக்குக் கையிலிருக்கும் கிளாஸ். லித்தியம் விரலை நடுங்கவைக்கலாம். சில பழைய மருந்துகள் உடம்பை விறைக்கவைக்கும். சிலருக்குக் காலை ஓரிடத்தில் வைக்க முடியாத தவிப்பு வரும். வாசலுக்கும் கொல்லைக்கும் நடையாய் நடப்பார்கள். நோய் முற்றிவிட்டது என்று வீடு பயப்படும். உண்மையில் அது மருந்தின் வேலை. ஓலான்சபைன் பசியைக் கிளப்பிவிட்டு எடையை ஏற்றும், சர்க்கரையையும் கூட்டும். ரிஸ்பெரிடோன் சில பெண்களுக்கு மாதவிலக்கை நிறுத்திவிடும். கல்யாணமான பெண் அதைக் கர்ப்பம் என்று எண்ணிக் காத்திருந்து ஏமாறுவதும் உண்டு. ஆண்களுக்கு வரும் தாம்பத்தியச் சிக்கலை எந்தப் புருஷன் வாய்விட்டுச் சொல்வான்? கூட்டம் நெரியும் ஓ.பி.யில், அம்மாவும் தங்கையும் பக்கத்தில் நிற்க, டாக்டர் “எப்படி இருக்கீங்க?” என்கிறார். “நல்லாயிருக்கேன் சார்.” சீட்டில் பழைய மாத்திரையே திரும்ப எழுதப்படுகிறது. வீட்டுக்குப் போனதும் மெத்தைக்கு அடியில் போகிறது.

தனக்கு நோயே இல்லை என்று உறுதியாக நம்புகிறவர்கள் வேறு வகை. அது பிடிவாதம் அல்ல, நோய் மூளையில் செய்கிற வேலைகளில் ஒன்று என்கிறார் அமெரிக்க உளவியலாளர் சேவியர் அமடோர். அவருடைய அண்ணனுக்கு மனச்சிதைவு இருந்தது. ‘உனக்கு நோய்’ என்று தம்பி நிரூபிக்கப் பார்த்த நாளெல்லாம் அண்ணனோடு சண்டைதான் மிஞ்சியது. வாதாடுவதை விட்டுவிட்டு அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் பேச்சே நகர்ந்தது. தூக்கம் வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், போலீஸ் வீட்டுக்கு வரக் கூடாது: நோயை ஒப்புக்கொள்ளாதவரும் இவற்றுக்காக மாத்திரை போடச் சம்மதிப்பது உண்டு.

நம் வீடுகள் இதற்குக் கண்டுபிடித்த குறுக்குவழி, சாப்பாட்டில் கலப்பது. பொடித்துக் காபியில், இட்லித் துண்டில், சாம்பாரில். இதை வெளியில் சொல்லமாட்டார்கள். மனச்சிதைவு உள்ளவர் மருந்து மறுக்கும்போது இந்தியக் குடும்பங்கள் என்ன செய்கின்றன என்று சென்னை ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தின் டி.என். சீனிவாசனும் ஆர். தாராவும் 2002-ல் ஆராய்ந்து எழுதினார்கள். ஒளித்துக் கொடுக்கும் வழக்கம் அதில் வெளிப்படையாகப் பேசப்பட்டது. செய்கிறவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. நடுராத்திரியில் கத்தியோடு நிற்கும் மகனிடம் உரிமை, சம்மதம் என்று எந்தத் தாய் பேசுவாள்? ஆனால் அவன் ஒருநாள் காபியின் அடியில் வெள்ளைப் பொடியைப் பார்த்துவிடுகிறான். ‘எனக்கு விஷம் வைக்கிறார்கள்’ என்பதே அவன் நோயின் மையமாக இருந்திருந்தால், அன்று அது நிரூபணமாகிவிடுகிறது. அதற்குப் பிறகு அம்மா கையால் எதையும் சாப்பிட மாட்டான். மாத்திரையோடு சோறும் நின்றுபோகும். தவிர, ஒளித்துக் கொடுக்கும் மருந்தின் பக்கவிளைவை அவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

பெண் விஷயத்தில் முடிச்சு கல்யாணத்தில் இருக்கிறது. நிச்சயம் ஆனதும் ‘இனிமே எல்லாம் சரியாயிடும்’ என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அல்லது கைப்பைக்குள் ஒளித்துக் கொடுத்தனுப்புவார்கள். புகுந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மாத்திரை விழுங்குவது எத்தனை நாள் நடக்கும்? இந்தப் பயத்துக்குச் சட்டத்திலும் வேர் உண்டு. 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், விவாகரத்துக்கான காரணங்களைச் சொல்லும் 13-ம் பிரிவு ஸ்கிசோஃப்ரினியாவை, அதாவது மனச்சிதைவை, பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நோயின் பெயர் மட்டும் போதாது, அது சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே தெளிவுபடுத்திவிட்டது. அந்தத் தீர்ப்பு யார் வீட்டுக் கூடத்துக்கு வந்தது? மருந்துச் சீட்டு நாளைக்குக் கோர்ட்டில் சாட்சியாக நிற்கும் என்ற பயம்தான் வந்து சேர்ந்தது. ‘3’ படத்தில் தனுஷ் செய்த பாத்திரம் நோயை மனைவியிடம் மறைத்தே சிகிச்சை எடுக்கும். அது சினிமாவுக்காக யோசித்த திருப்பம் மட்டுமல்ல. கர்ப்பம் தரித்தால் இன்னொரு கண்டம். வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கும் என்பது உண்மை. அதைக் கேள்விப்பட்டு எல்லா மாத்திரையையும் ஒரே நாளில் நிறுத்துகிறார்கள். முன்கூட்டியே சொன்னால் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றியிருப்பார்.

சாமியும் மாத்திரையும் எதிரிகள் என்று நகரத்துக்காரர்கள் நினைக்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா அருகே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய பிறகு அந்த எண்ணம் இறுகிப்போனது. ஆனால் 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கட்டுரை வேறு விதமாகப் பேசியது. தமிழகக் கோயில் ஒன்றில் உறவினரோடு வந்து தங்கிய 31 பேரை மனநல மருத்துவர் ரகுராமும் குழுவினரும் கவனித்தார்கள். அங்கே மருந்து இல்லை. சின்னச் சின்ன வேலை, கோயில் நேரம், கூட ஒரு சொந்தம். சில வாரத்தில் நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மருந்துக்கு இது மாற்று என்று சொல்லிவிட முடியாது. மிரட்டாத இடத்தில் மனம் கொஞ்சம் இளகும் என்று சொல்லலாம். ஏர்வாடியிலும் பின்னாளில் ‘தவா-துவா’ என்ற பெயரில், மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்த அரசு சிகிச்சை தொடங்கியது. தர்காவை விட்டுவிட்டு வா என்று சொன்னால் வராதவர், தர்கா பக்கத்திலேயே கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். விரதம் இருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: லித்தியம் எடுப்பவர் தண்ணீரும் உப்பும் வெகுவாகக் குறைத்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகலாம். நோன்புக்கு முன் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

மற்றபடி, பணம். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். போய்வர ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருகிறவரோடு சேர்த்தால் இரண்டு. இதைப் புரிந்துகொண்டு ஸ்கார்ஃப் 2010 வாக்கில் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸையே அனுப்பியது. சென்னையில் இருக்கும் டாக்டர் திரையில் பேசுவார். மாத்திரை பஸ்ஸிலேயே கிடைக்கும். இலவச மாத்திரையில் இன்னொரு சின்ன விஷயமும் உண்டு: கம்பெனி மாறினால் நிறம் மாறும். போன மாதம் வெள்ளை, இந்த மாதம் ரோஸ். ஏற்கெனவே சந்தேகத்தில் வாழ்கிறவருக்கு அது போதும். அமெரிக்காவில் வலிப்பு மாத்திரைகளை வைத்து 2013-ல் வந்த ஆய்விலும், நிறம் மாறியபோது மருந்துத் தொடர்ச்சி அறுபடுவது கூடியிருந்தது. ‘இது அதே மருந்துதான், கலர் மட்டும் வேற’ என்று மருந்து கொடுக்கும் ஜன்னலில் சொல்ல அரை நிமிடம் ஆகுமா?

எல்லாரும் ஆயுள் முழுக்கப் போட வேண்டுமா என்றால், இல்லை. கணித மேதை ஜான் நாஷ் 1970-க்குப் பிறகு மருந்தே எடுக்கவில்லை. ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ படத்தில் அவர் புதிய மருந்துகள் எடுப்பதாக ஒரு வசனம் வரும். பார்ப்பவர்கள் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாதே என்று சேர்த்த பொய் அது. நல்ல எண்ணம்தான். ஆனால் யார் நாஷ், யார் நாஷ் இல்லை என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை இன்னும் கிடையாது. அதனால்தான் நிறுத்துவதானாலும் டாக்டருக்குத் தெரிந்து, படிப்படியாக. க்ளோசபைன் இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக்கூடாது. அடியிலிருந்து ஏற்ற வேண்டும். சந்தேகம் வந்தால் அரசின் டெலி-மானஸ் எண் 14416-ல் கேட்கலாம்.

சில டாக்டர்கள் கேள்வியை மாற்றியிருக்கிறார்கள். “மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?” என்றால் வரும் பதில் “ஆமா சார்” மட்டுமே. “எல்லாருக்கும்தான் விட்டுப்போகும், போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்றால் விரலை மடித்து எண்ண ஆரம்பிப்பார்கள். மூன்று வேளையை ராத்திரி ஒரு வேளையாக்குவது அப்போதுதான் யோசனைக்கே வரும். மாதம் ஒரு முறை போடும் ஊசியும் அப்படித்தான். அந்த ஊசியைச் சிலர் தண்டனையாக நினைக்கிறார்கள். தினமும் ராத்திரி ஒன்பது மணிச் சண்டை ஒழிந்ததே என்று நிம்மதி அடைகிறவர்களும் இருக்கிறார்கள்.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னொரு வசதியைத் தருகிறது. தெளிவாக இருக்கும் நாளிலேயே, தனக்கு நோய் கூடினால் எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் முடிவெடுக்க வேண்டும் என்று ஒருவர் எழுதி வைக்கலாம். கட்டிப்போடாதீர்கள் என்று எழுதலாம். அந்தப் பச்சை மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதற்குப் பதில் ஊசி போடுங்கள் என்று எழுதலாம். காபியில் கலக்காதீர்கள் என்றும்.