கைங்கர்யத்துக்கும் முறை உண்டு

திருமழிசை ஆழ்வார் காஞ்சியில் திருவெஃகாப் பெருமாளைச் சேவித்து வாழ்ந்த காலத்தில், அவர் தங்கியிருந்த இடத்தை ஒரு மூதாட்டி நாள்தோறும் பெருக்கி மெழுகிக் கோலமிட்டு வந்தாள் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். அவளுடைய தொண்டைக் கண்டு உகந்த ஆழ்வார், என்ன வேண்டும் என்று அவளைக் கேட்டார். மூதாட்டி பொன்னும் பொருளும் கேட்கவில்லை. இந்த முதுமை நீங்கினால் போதும் என்றாள். தொண்டு தடையின்றி நடக்க உடம்பு ஒத்துழைக்க வேண்டுமல்லவா? ஆழ்வாரின் அருளால் இளமை பெற்றாள். அதன்பின் பல்லவ மன்னனும் கணிகண்ணனும் வந்து, பெருமாளே பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்படும் அளவுக்குக் கதை வளர்கிறது. உபந்யாசங்களில் நாம் உருகிக் கேட்பது அந்தப் பகுதியைத்தான். கதையின் தொடக்கத்தில் உள்ள சிறு செய்தி எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. தொண்டைப் பெற்றவர், தொண்டு செய்தவளை அழைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

ஆழ்வார் அவதரித்த திருமழிசைக்கு அருகே, செம்பரம்பாக்கத்தில், வங்கிப் பணி ஓய்வுக்குப் பின் வசித்து வருகிறேன். வெளியூர் அன்பர்களுக்கு இவ்வூரின் பெயரைச் சொன்னால் ஏரியும் 2015ஆம் ஆண்டு வெள்ளமும் நினைவுக்கு வரும். இப்போது இப்பகுதியின் வாழ்வை நடத்துபவை தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று நீளும் பாதையில் விடியற்காலையிலேயே கம்பெனிப் பேருந்துகள் ஒரு ஷிப்டை ஏற்றிச் செல்லும். இன்னொரு ஷிப்டை இறக்கிவிடும். மகன் பகலில், மருமகள் இரவில் என்று மாறி மாறி வேலைக்குச் செல்லும் இல்லங்கள் பல. பகலெல்லாம் வீட்டில் இருப்பவர்கள் இரண்டு முதியவர்கள். அவர்களுள் ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டால், மற்றவரே செவிலி, சமையலாள், இரவுக் காவல் எல்லாம்.

எங்கள் தெருவில் ஓர் அம்மையாருக்கு வயது 68. கணவருக்கு 74. பக்கவாதத்தால் அவருடைய இடப்பக்கம் செயலிழந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. படுக்கைப்புண் வராதிருக்க இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஆகவே அம்மையார் தொடர்ந்து மூன்று மணி நேரம் உறங்கி நெடுநாள் ஆகியிருந்தது. கணவருக்கு வேளைக்கு ஏழு மாத்திரை என்றாலும் ஒன்றுகூடத் தவறாது. ஒருநாள் காலை அடுப்பங்கரையில் மயங்கி விழுந்தார். மருத்துவர் கேட்டபோதுதான் தெரிந்தது. அவருடைய இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. கணவரைத் தனியே விட்டுவிட்டு மருந்துக்கடைக்குப் போக மனம் வரவில்லையாம். அவருக்கு மாத்திரை கொடுப்பது யார் என்று மருத்துவர் வினவினார். நான்தான் என்றார். உங்களுக்குக் கொடுப்பது யார் என்ற அடுத்த வினாவுக்கு அவரிடம் விடையில்லை.

1999ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வு ஒன்று இங்கே நினைக்கத் தக்கது. 66 வயதுக்கு மேற்பட்ட கணவன்மாரையும் மனைவியரையும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். துணையைப் பராமரித்து, அதனால் மனமும் உடலும் நெருக்கடிக்கு உள்ளானவர்கள் இறக்கும் அபாயம், அத்தகைய பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பராமரித்தும் நெருக்கடியை உணராதவர்களிடம் அத்தகைய உயர்வு தெளிவாகத் தென்படவில்லை. எனவே தொண்டின் மீது பழி இல்லை. அதைத் தனியாக, இடைவெளி இல்லாமல் சுமப்பதே ஆளைக் குடிக்கிறது.

கைங்கர்யத்தில் களைப்பு ஏது என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் வடுக நம்பியை எடுத்துக்காட்டுவார்கள். உடையவருக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்த நம்பி, நம்பெருமாள் புறப்பாட்டைச் சேவிக்க அழைத்தபோதும் அடுப்பை விட்டு வரவில்லை. தம் பெருமாளுக்குரிய பால் பொங்கிவிடுமே என்பது அவர் கவலை. நோயாளியை விட்டுக் கோயிலுக்குச் செல்ல இயலாமல் மனம் வருந்தும் எவருக்கும் இது பெரிய ஆறுதல். ஆனால் ஒருவரை ஆண்டுக்கணக்கில் அடுப்பங்கரையிலேயே நிறுத்திவைப்பதற்கு இக்கதையைத் துணைக்கு அழைப்பது எனக்கு உடன்பாடில்லை.

அதே உடையவர் திருவரங்கத்தில் என்ன செய்தார்? செம்பரம்பாக்கத்துக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் 1017ஆம் ஆண்டு அவதரித்த அந்த மகான், பெரிய கோயிலின் நிர்வாகத்தை ஏற்றபோது, அதுவரை ஐந்தாக இருந்த பணியாளர் கொத்துகளைப் பத்தாக விரித்தார் என்று கோயிலொழுகு சொல்கிறது. திருமஞ்சன நீர் கொணர்வோர் வேறு, மாலை தொடுப்போர் வேறு, மடைப்பள்ளியில் நிற்போர் வேறு. இன்றும் நம் கோயில்களில் அர்ச்சகர்களுக்கு முறை உண்டு. முறை முடிந்தவர் சாவியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வீடு செல்கிறார். உச்சிக்காலத்துக்குப் பின் நடை சாத்துகிறோம். இரவில் பள்ளியறை சேவை முடிந்ததும் எல்லோரும் விலகுகிறோம். எம்பெருமானுக்கே இத்தனை பேர் பங்கிட்டுச் செய்யும் பணியை, வீட்டில் ஒரே பெண்ணின் தலையில் வைத்துவிட்டுப் பொறுமைசாலி என்று பட்டம் சூட்டுகிறோம்.

வங்கியிலும் கட்டாய விடுப்பு உண்டு. முக்கியப் பொறுப்பில் உள்ள அலுவலர் ஆண்டுக்கொருமுறை குறைந்தது பத்து வேலைநாட்கள் தொடர்ச்சியாக விலகியிருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு அறிவுரை. முறைகேடு இருந்தால் வெளிப்படட்டும் என்பதே அதன் முதன்மை நோக்கம். அலுவலரின் நலன் கருதி எழுந்ததென்று நான் சொல்ல மாட்டேன்! இருப்பினும் ஒரு நன்மை தானே விளையும். அவர் இல்லாமலும் கிளை நடக்கும் என்பது அவருக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். வீட்டில் அந்தச் சோதனையை நாம் நடத்திப் பார்ப்பதே இல்லை.

மருத்துவமனைச் செவிலியர் நிலையும் இதற்குத் தொலைவில் இல்லை. பணியிடத்தில் ஏற்படும் இச்சோர்வை 2019ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் வரையறுத்தது. நோய் என்று சொல்லாமல், சரிவரக் கையாளப்படாத பணி அழுத்தத்தின் விளைவு என்றது. உடலும் மனமும் வற்றிப்போதல், செய்யும் வேலையின் மேல் கசப்பும் விலகலும், தன்னால் ஒன்றும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம் என அதற்கு மூன்று கூறுகள். இரவுப்பணி முடித்துப் பேருந்தில் ஊர் திரும்பி, மாமியாருக்குக் கஞ்சி வைத்த பிறகே படுக்கும் செவிலிப் பெண்களை இந்த நெடுஞ்சாலை ஓரத்தில் காண்கிறேன். மணி அடித்து ஐந்து நிமிடம் ஆயிற்று என்று அவர்களிடம் சீறும் முன், அவர் அன்று எத்தனை கட்டில்களுக்கு ஓடினார் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டில் இதன் அறிகுறி பெரும்பாலும் கோபமாகவே வெளிப்படும். கஞ்சி சிந்தியதற்காகக் கத்திவிட்டு, பாவம் செய்துவிட்டோமே என்று சுவாமி அறையில் அழுவார்கள். அந்த அழுகைக்குப் பரிகாரம் தேடி அலைய வேண்டாம்; அதற்கு மருந்து உறக்கம்.

எங்கள் தெரு அம்மையாருக்கு நாங்கள் செய்தது மிக எளிது. கோயிலில் பழகிய நான்கு பேர் முறை வைத்துக்கொண்டோம். சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் ஒருவர் அவர் கணவரருகே அமர்வோம். இரவு இரண்டு தடவை புரட்டும் பொறுப்பு, ஷிப்டு இல்லாத நாட்களில் மகனுடையது. தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கவும், உடம்பின் கீழ் மடித்த போர்வையை விரித்து அதைப் பற்றி நகர்த்தவும் ஒரு பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தார். அம்மையாரின் மாத்திரைப் பெட்டியும் கணவருடையதன் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் சனிக்கிழமை கோயிலுக்குப் போனவர் கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டார். இப்போது தீபாராதனை முடியும்வரை இருக்கிறார். ஐந்து மணி ஆனதும், பேச்சுக் குழறும் அந்தப் பெரியவரே வலக்கையால் வாசலைக் காட்டி, புறப்படு என்று சைகை செய்கிறார்.

அரசின் உதவியையும் கேட்டுப் பெறலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளும், இயன்முறைச் சிகிச்சையும், வலிநீக்கப் பராமரிப்பும் இல்லத்துக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிய வேண்டும். மனம் தாங்காதபோது பேச 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழில் ஆள் உண்டு. முதியோர்க்கான வழிகாட்டலுக்கு 14567.

இனி, படுக்கையில் இருப்பவர்களுக்கும், நாளை அப்படி இருக்கக்கூடிய என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு சொல். மனைவி ஊட்டினால்தான் உண்பேன், அந்நியர் கை படக்கூடாது, ஆள் வைத்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பிடிவாதம் நம் தலைமுறைக்கு உண்டு. ஆண்களுக்குச் சற்று அதிகம். உடம்பு நன்றாக இருக்கும்போதே இதைத் தளர்த்திக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு நாள் காலைக் காபியைப் பேரன் போட்டுத் தரட்டும். டிகாக்‌ஷன் நீர்த்துப் போயிருக்கும், சர்க்கரை கூடக்குறைய இருக்கும். முகம் சுளிக்காமல் குடித்துப் பழகுவோம்.