பதினைந்து கிராமும் ஒரு சான்றிதழும்

1975 முதல் 2012 வரை சிங்கப்பூர் நீதிமன்றங்களில் ஹெராயின் கடத்தல் வழக்கைத் தீர்மானித்தது எடைதான். தூய ஹெராயின் 15 கிராமைத் தாண்டினால் தூக்கு. கடத்தலுக்குப் பணம் போட்டவனா, கூலிக்குப் பொட்டலம் சுமந்தவனா என்று பார்த்துத் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. வீட்டு வறுமை, கடன் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளலாம். எழுதப்போகும் தீர்ப்பு ஒன்றுதான். பொருள் ஒருவர் கைவசம் இருந்தாலே, அது என்னவென்று அவருக்குத் தெரியும் எனச் சட்டம் அனுமானித்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிக்க வேண்டியது பிடிபட்டவர் பாடு.

அந்தக் காலத்தில், 2009 ஏப்ரலில், மலேசிய எல்லையில் உள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பிடிபட்டவர்தான் மலேசியத் தமிழரான நாகேந்திரன் தர்மலிங்கம். கால்சட்டைக்குள், தொடையோடு சேர்த்துக் கட்டிய பொட்டலம். உள்ளே 42.72 கிராம் ஹெராயின். அவருடைய நுண்ணறிவு எண் 69 என்று பின்னர் அளந்தார்கள். முதலாளி யாரும் இப்படித் தொடையில் கட்டிக்கொண்டு எல்லை தாண்டுவதில்லை.

2013 ஜனவரி 1 முதல் சட்டம் மாறியது. சுமந்தது, அனுப்பியது, கொண்டுபோய்க் கொடுத்தது, இவற்றோடு தன் பங்கு முடிந்தது என்று குற்றவாளி நிரூபித்தாக வேண்டும். கூடவே, கடத்தலை முறியடிக்க அவர் உருப்படியாக உதவினார் என்று அரசுத் தரப்பு சான்றிதழ் தர வேண்டும். இரண்டும் கூடி வந்தால், தூக்குக்குப் பதில் ஆயுள் சிறையும் குறைந்தது 15 பிரம்படியும் விதிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. சுமந்தவருக்குத் தன் செயலுக்கான பொறுப்பைப் பெரிதும் குறைக்கும் மனநலக் குறைபாடு இருந்ததாக நிரூபித்தால், சான்றிதழ் இல்லாமலே ஆயுள் சிறை, பிரம்படி கிடையாது.

இந்தத் திருத்தம் உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. 2007-இல் 19 வயதில் 47.27 கிராம் ஹெராயினோடு பிடிபட்டவர் மலேசியாவின் சாபாவைச் சேர்ந்த யோங் வுய் கோங். தூக்குக்குக் காத்திருந்த அவருக்கு 2013 நவம்பரில் ஆயுள் சிறையும் 15 பிரம்படியும் என்று தண்டனை மாறியது. பழைய சட்டம் நீடித்திருந்தால் அவர் இன்று இல்லை.

ஆனால் அந்தச் சான்றிதழை என்னால் ஏற்க முடியவில்லை. தெரிந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னால் மட்டும் அது கிடைத்துவிடாது. சொன்ன தகவலால் கடத்தல் நிஜமாகவே முறிய வேண்டும். கூலிக்குச் சுமப்பவருக்கு என்ன தெரியும்? ஒரு பட்டப்பெயர், ஒரு தொலைபேசி எண். மேலே போகப்போகத்தான் தகவல் கூடும். கடைநிலையில் இருப்பவர் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, மேல்நிலையில் இருப்பவருக்கே தெரிந்ததை அவரிடம் கேட்கிறது சட்டம். சான்றிதழ் மறுக்கப்பட்டால், கெட்ட எண்ணத்தோடு மறுத்தார்கள் என்று காட்டினாலொழிய நீதிமன்றம் அதில் தலையிட முடியாது. பொட்டலம் சுமந்தவர்தான் என்று நீதிபதியே ஏற்றுக்கொண்ட பன்னீர்செல்வம் பரந்தாமனுக்கு அது கிடைக்கவில்லை. 2025 அக்டோபர் 8 அன்று தூக்கிலிட்டார்கள். நாகேந்திரனுக்கும் கிடைக்கவில்லை. மனநலக் குறைபாடு என்ற வாதமும் எடுபடாமல் 2022 ஏப்ரல் 27 அன்று சாங்கி சிறையில் அவர் உயிர் போனது.

சலுகையை எளிதாக்கினால் கும்பல்கள் கூலியாட்களை இன்னும் அதிகமாக அனுப்பும் என்பது அரசின் வாதம். போதைப்பொருள் குடும்பங்களைச் சீரழிப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சுமந்தவர் தூக்கில் தொங்கினால் முதலாளிக்கு என்ன நட்டம்? அடுத்த கடனாளியைத் தேடிக்கொள்வார்.

எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவிலும் 1983 முதல் கடத்தலுக்குக் கட்டாயத் தூக்குதான் இருந்தது. 2023 ஜூலை 4 அன்று கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. மரண தண்டனை இன்னும் ஏட்டில் இருக்கிறது, பிரம்படியும் இருக்கிறது. ஆனால் யாருடைய சான்றிதழுக்கும் காத்திராமல், யார் எவ்வளவு செய்தார் என்று எடைபோட்டு நீதிபதியே முடிவெடுக்கலாம். ஏற்கெனவே தூக்கு விதிக்கப்பட்டவர்களும் மறுபரிசீலனை கேட்டார்கள்; நூற்றுக்கணக்கானோருக்குத் தண்டனை குறைந்தது. ஜொகூர் பாருவிலிருந்து உட்லண்ட்ஸ் வரும் பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான்.