குழந்தை பக்கத்தில் இல்லாத இடைவேளை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் விடிந்ததும் கிராமம் கிராமமாகக் கம்பெனி வண்டிகள் நின்று பெண்களை ஏற்றிக்கொள்கின்றன. தோல் பதனிடும் டேனரிகளில் ஆண்கள் அதிகம். ஷூ கம்பெனிகளில் அப்பர் எனும் மேல்பாகம் தைக்கும் லைன்களில் பெண்களே அதிகம், அதிலும் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள். பேறுகால விடுப்பு முடிந்து அந்த வண்டியில் மறுபடி ஏறும் ஒருத்தி வீடு திரும்ப ஒன்பது பத்து மணி நேரம் ஆகிவிடும். அதுவரை குழந்தை எதைக் குடிக்கும் என்று வீட்டில் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அவள் மார்பில் ஊறுகிற பால் அந்த நேரத்தில் என்னவாகிறது என்று கேட்பவர் குறைவு. அதைக் கேட்டிருந்தால் பால் டின்னைத் தேடி ஓட வேண்டிய அவசியம் பாதி குறைந்திருக்கும்.

26 வாரக் கணக்கு

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு சேர்த்து இரண்டு வயதும் அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பேறுகால நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தின்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கும் அதே அளவு. 26 வாரம் என்பது 182 நாள். மேலோட்டமாகப் பார்த்தால் ஆறு மாதத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். நிறைமாத வயிற்றோடு வண்டியில் குலுங்கிப் போய் நாளெல்லாம் மெஷின் முன் உட்கார முடியாமல் ஆறு வாரம் முன்னதாகவே நின்றுவிட்டவளுக்கு, பிறகு மிஞ்சுவது 20 வாரம். ஐந்து மாதம்கூட நிறையாத குழந்தையை விட்டுவிட்டு அவள் வேலைக்குத் திரும்புகிறாள். மருத்துவமனைப் பிரசவம் ஏறத்தாழ நூறு சதவீதத்தை எட்டிவிட்ட தமிழ்நாட்டில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுபவை 55 சதவீதம்தான் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. நாட்டின் சராசரியே 64. எல்லாப் பழியையும் வேலையின் மேல் போட முடியாது. வேலைக்குப் போகாத வீடுகளிலும் சர்க்கரைத் தண்ணீரும் பால் பவுடரும் சீக்கிரமே வந்துவிடுகின்றன. என்றாலும் பாலூட்ட விரும்பியும் முடியாமல் போகிறவளின் கதை வேறு.

எடுத்தால்தான் ஊறும்

கிணற்றில் இறைக்க இறைக்கத்தான் ஊறும் என்பார்கள். மார்பின் கணக்கும் அதுதான். குழந்தை உறிஞ்சும்போதும் கையால் எடுக்கும்போதும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரந்து பால் உற்பத்தியைத் தூண்டுகிறது. ஆக்சிடோசின் என்ற இன்னொரு ஹார்மோன் பாலை வெளியே தள்ளுகிறது. பால் வெளியேறாமல் தேங்கினால், போதும் நிறுத்து என்ற செய்தி மார்புக்குள்ளேயே உருவாகிச் சுரப்பு குறைகிறது. தினமும் ஒன்பது மணி நேரம் தேங்கவிட்டால் முதலில் பால் கட்டி வலிக்கும், சிலருக்கு அழற்சியாகிக் காய்ச்சல் வரும், சில வாரங்களில் பாலே வற்றும். வேலைக்குப் போனதால் பால் நின்றுவிட்டது என்று பலர் சொல்வதன் பின்னால் இருக்கும் காரணம் பெரும்பாலும் இதுதான். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்தால் இதைத் தடுக்கலாம். இதற்கு விலை உயர்ந்த பம்ப் கட்டாயமில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கருவளையத்துக்குச் சற்றுப் பின்னால் எதிரெதிரே வைத்து, நெஞ்சை நோக்கி அழுத்திப் பிறகு சேர்த்து அழுத்தி விட வேண்டும். காம்பை இழுக்கக் கூடாது. பழகிய கைக்குக் கால் மணி, இருபது நிமிடம். வேலைக்குத் திரும்ப இரண்டு வாரம் இருக்கும்போதே பழகத் தொடங்குவது நல்லது. முதல் நாள் ஒரு தேக்கரண்டிகூட வராமல் போகலாம், அது இயல்பு.

சட்டம் நினைத்த குழந்தை

1961ஆம் ஆண்டின் பேறுகால நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு என்றது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017 திருத்தம் சேர்த்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவற்றை அப்படியே வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது மனதில் வைத்திருக்கும் குழந்தை கம்பெனிக் காப்பகத்தில் இருக்கிறது. ஆம்பூர் பெண்ணின் குழந்தையோ பல கிலோமீட்டர் தள்ளிக் கிராமத்தில் மாமியார் மடியில் இருக்கிறது. கைக்குழந்தையை நெரிசல் வண்டியில் தூக்கிவர யாருக்கும் மனம் வராது. ஆகவே அந்த இரண்டு இடைவேளைகளைப் பால் எடுப்பதற்கான நேரமாகவும் வாசிக்க வேண்டும் என்பதே என் வாதம். அமெரிக்காவில் 2010இல் வந்து 2022இல் விரிவாக்கப்பட்ட சட்டம், குழந்தை பிறந்து ஓராண்டு வரை பால் எடுக்க நேரமும், கழிவறை அல்லாத மறைவான இடமும் தரச் சொல்கிறது. ஆம்பூர்ச் செருப்பை விற்கும் கடைக்காரிக்கு அங்கே உள்ள உரிமை, அதைத் தைத்தவளுக்கு இங்கே எழுத்தில் இல்லை.

ஒருத்தி எழுந்தால் லைன் நின்றுவிடும், டார்கெட் குறையும் என்பார்கள். ஒரு லைனில் ஒரே சமயத்தில் எத்தனை கைக்குழந்தைக்காரிகள் இருக்கப் போகிறார்கள்? ஒருத்தி விடுப்பில் போனாலும் ஆளை மாற்றி உட்காரவைத்து லைனை ஓட்டத் தெரிந்த சூப்பர்வைசருக்கு இருபது நிமிடம் பெரிய புதிர் அல்ல. தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, தண்ணீர்க் குழாய், நாற்காலி, சின்ன ஃப்ரிட்ஜ் போதும். பயிற்சி பெற்ற தையல்காரி பாதியில் நின்றுவிட்டால் புதியவளைப் பழக்க ஆகும் செலவு இதைவிட அதிகம். பசைப் பிரிவின் ஆவி பாலில் கலக்காதா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. கரைப்பான்கள் மூச்சு வழியே ரத்தத்துக்கும், சிறிதளவு பாலுக்கும் போகக்கூடும். அதற்குப் பரிகாரம் பாலை நிறுத்துவதல்ல, பாலூட்டுகிறவளை வேறு பிரிவுக்கு மாற்றுவது. காற்றோட்டம் அங்கிருக்கும் எல்லோருக்குமே தேவை.

வேலூர் வெயிலும் வீட்டாரும்

எடுத்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் கெடாது என்று எங்கும் எழுதியிருக்கும். அந்த அறை 25 டிகிரிக்கு மேல் போகாத அறை. மே மாதத்தில் 40ஐத் தாண்டும் வேலூர்ப் பக்கத்தில் அந்தக் கணக்கை நம்பக் கூடாது; எடுத்தவுடன் குளிரில் வைப்பதே பாதுகாப்பு. உறைந்த ஐஸ் பைகளோடு மூடிய குளிர்பெட்டியில் 24 மணி நேரம் தாங்கும், ஆகவே வண்டிப் பயணம் தடையில்லை. ஃப்ரிட்ஜில் கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தால் நான்கு நாள் வரை இருக்கும். இன்று எடுத்தது நாளைக்கு, சனிக்கிழமை எடுத்தது திங்கட்கிழமைக்கு என்று சுழற்சி வைத்துக்கொண்டால் உறையவைத்துச் சேமிக்கத் தேவையே வராது. தண்ணீரில் கொதிக்கவைத்த, மூடியுள்ள எவர்சில்வர் டப்பா போதும். மேலே நாளும் நேரமும் எழுதி ஒட்ட வேண்டும். மின்சாரம் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும்.

மேலே ஏடு பிரிந்து நிற்பதைப் பார்த்துப் பால் திரிந்துவிட்டது என்று கொட்டிவிடும் பாட்டிமார் உண்டு. அது கொழுப்பு, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் காய்ச்சாமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் டப்பாவை வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். வெயிலில் வேலை செய்தவளின் பால் சூட்டுப் பால் என்ற பயமும் ஆதாரமற்றது. தாயின் உடல் வெப்பத்தில்தான் பால் எப்போதும் இருக்கிறது. புட்டிக்குப் பழகிய குழந்தை மார்பை மறுக்கக்கூடும் என்பதால், இந்தப் பக்கத்து வீடுகளில் பரணில் கிடக்கும், மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையை இறக்கிக் கழுவிக் கொதிக்கவைத்துக்கொள்ளலாம். குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் பாலாடையை வைத்து, அது விழுங்க விழுங்கக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். வாய்பட்டு மீந்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மாலையில் வண்டி இறங்கியதும், இரவிலும், விடியலிலும் குழந்தை நேராக மார்பில் குடிக்கட்டும். இரவில்தான் புரோலாக்டின் அதிகம் சுரக்கிறது.