கருவுற்ற மகளிரும் புகைத்தலும்

தீதென அறிந்த ஒன்றை மாந்தர் உடனே விட்டொழிப்பர் எனக் கருதுதல் எளிது. கருவுற்ற மகளிரின் புகைத்தற் பழக்கத்தை ஆராய்வோர்க்கு அக்கருத்துப் பொருந்தாமை புலனாகும்.

சிகரெட்டுப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, ஒட்சிசனிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் குருதியின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். அதனாற் சிசுவுக்குச் செல்லும் ஒட்சிசன் குறைகின்றது. புகைக்கும் தாயர்க்கு நிறை குறைந்த மகவுகள் மிகுதியாகப் பிறத்தலைச் சிம்சன் என்னும் ஆய்வாளர் 1957 ஆம் ஆண்டிலே கலிபோர்ணியாவில் எடுத்துக்காட்டினார். குறைமாதப் பேறும் உயிரின்றிப் பிறத்தலும் புகைத்தலால் மிகும் எனப் பிற்கால ஆய்வுகள் நிறுவின.

இவற்றை அறிந்த தாயும் விட இயலாது வருந்துவது ஏன்? நிக்கொற்றீன் உடலையும் மனத்தையும் பிணிக்கும் பொருளாகும். கருவுற்ற காலத்தில் உடல் அதனை வழக்கத்தினும் விரைந்து அகற்றுதலால், அடுத்த சிகரெட்டின்மேல் வேட்கையும் விரைந்தெழக்கூடும். இல்லத்திற் கணவனும் புகைப்பானாயின் இடர் பின்னும் பெருகும். இந்நிலையிற் பழித்துரைத்தல் பயன்தராது. பழிக்கு அஞ்சுவோர் பலர் புகைத்தலை விடாது மறைக்கவே முற்படுவர்.

பழித்தற்கு மாறாய வழியொன்று ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிற் சோதிக்கப்பட்டது. அதன் முடிவுகள் 2015 இல் வெளிவந்தன. புகைக்கும் கருப்பிணிகள் 612 பேர் இரு பிரிவினராக வகுக்கப்பட்டனர். இரு பிரிவினர்க்கும் அறிவுரையும் நிக்கொற்றீன் மாற்றுமருந்தும் கிடைத்தன. ஒரு பிரிவினர்க்கு மாத்திரம், படிப்படியாக 400 பவுண் வரை பெறுமதியான கொள்வனவுச் சீட்டுகளும் அளிக்கப்பட்டன. புகைத்தலை விட்டமை வாய்மொழியால் மட்டுமன்றி உடற்சோதனையாலும் உறுதிசெய்யப்பட்டது. பேறுகாலம் அணுகியபோது, சீட்டுப் பெற்றோருள் நூற்றுக்கு 22.5 பேரும், பெறாதோருள் 8.6 பேரும் புகையாதிருந்தனர். பிரித்தானியாவின் பல இடங்களில் நடந்து 2022 இல் வெளிவந்த பிறிதோர் ஆய்விலும் இவ்வெண்கள் முறையே 27, 12 ஆக அமைந்தன.

தாயின் கடமைக்குக் கூலி கொடுத்தல் தகுமோ எனச் சிலர் வினவுவர். அவ்வினா புறக்கணித்தற்குரியதன்று. ஆயினும், இங்கு நன்மை பெறுவது தாய் மட்டுமன்று. தனக்கென யாதும் கேட்கமாட்டாத சிசுவுமாம். பரிசு பெற்றோரிலும் பெரும்பாலோர் புகைத்தலை விட்டாரில்லை என்பதும் நோக்கற்பாலது. பரிசு மட்டும் பிணிப்பை அறுத்துவிடாது. மருத்துவிச்சியின் கனிந்த மொழியும், புகையற்ற இல்லமும், மகப்பேற்றின் பின்னும் தொடரும் ஆதரவும் உடன்வேண்டும். தாயைக் குற்றவாளியாகக் கருதாது, துணை வேண்டி நிற்பவளாகக் கருதுதலே இவ்வுதவிக்கெல்லாம் அடிப்படையாகும்.