ரயிலில் கழற்றிய அட்டை தெருமுனையில் மறுபடி கழுத்தில்! ராத்திரியில் கடைப் பெண்கள் படும் பாடு

சென்னை தி.நகர் ரங்கநாதன் தெருவில் ராத்திரி ஷட்டர் இறங்கும் நேரம். ஜவுளிக்கடைப் பெண்கள் கும்பலாக வெளியே வருகிறார்கள். மாம்பலம் ஸ்டேஷன் படியேறும் முன்பே சிலர் செய்கிற முதல் காரியம் என்ன தெரியுமா? கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போடுவதுதான்!

ஏன் அப்படி? சீருடை கடையைத்தான் காட்டும். அட்டையோ பெயரையே காட்டிவிடும். ரயிலில் எதிரே நிற்பவன் அதைப் படித்துவிட்டால் போதும், மறுநாள் கடை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவான்.

சாயங்காலம் இதே தெருவில் எள் போட்டால் எள் விழாது. நூறு பேர் பார்த்தாலும் பயமில்லை. பூக்காரம்மா பார்த்தால் அதுவே ஒரு துணை. கூட்டம் கலைந்த பிறகு நாலு பேர் பார்த்தாலே நடை மாறிவிடுகிறது.

பொய் போன்!

அப்புறம் எத்தனை உபாயங்கள்! மறுமுனையில் ஆளே இல்லாத போனில், "இதோ வந்துட்டேண்ணா, ஸ்டேஷன்லயே நில்லு" என்று உரக்கப் பேச்சு. மருந்துக்கடை வெளிச்சம் இருக்கிற தெருவாகப் பார்த்துச் சுற்றுவழி. மகளிர் பெட்டி காலியாக இருந்தால் அதில் ஏறாமல், குடும்பத்தோடு யாராவது உட்கார்ந்திருக்கும் பொதுப் பெட்டியைத் தேடி ஓட்டம்.

சட்டம் இல்லாமல் இல்லை. கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019-ல் தமிழக அரசு ஆணையிட்டபோதே நிபந்தனையும் போட்டது. இரவு 8 மணிக்கு மேல் பெண்கள் வேலை செய்ய எழுத்துமூலம் சம்மதம் வேண்டும். ஷிப்டில் வேலை செய்யும் பெண்களுக்கு வண்டி வசதி வேண்டும். அந்த அறிவிப்பை வாசலிலேயே மாட்ட வேண்டும். போர்டு தொங்கி வண்டி வராவிட்டால் நடராஜா சர்வீஸ்தான்!

பின்தொடர்வதும் 2013 முதல் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் வெறுமனே முறைத்துக்கொண்டே வருகிறவன் மேல் எதைச் சொல்லிப் புகார் எழுதுவது?

மூன்றாவது கண்

2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில் காலை வேளையில் இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பிளாட்பாரத்தில் பயணிகள் இருந்தார்கள். கேமரா இல்லை. அதன் பிறகு சென்னை போலீசார் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் ஊரெங்கும் கேமரா வைக்கச் செய்தனர். வழக்குத் துப்புத் துலக்க அது பெரிய உதவிதான், சந்தேகமில்லை. ஆனால் கம்பத்தில் இருக்கும் கண், "யாருடா அது?" என்று அதட்டாதே!

ரயிலை விட்டு இறங்கி, ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டி, சொந்தத் தெருவுக்குள் நுழைந்தால் பயம் தீர்ந்ததா? அங்கே வேறு கண்கள். "இந்நேரத்துக்கு எங்கே போயிட்டு வர்றா?" என்று திண்ணையில் ஒரு குரல். ஜன்னல் திரை ஒன்று லேசாக விலகும்.

அதனால்தான் தெருமுனை பெட்டிக்கடை ஓரமாக ஒரு நிமிஷம் நிற்கிறார்கள். கைப்பையைத் துழாவி அட்டையை எடுக்கிறார்கள். பெயரும் கடை முத்திரையும் வெளியே தெரியும்படி திருப்பிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் வீட்டை நோக்கி நடக்கிறார்கள்.