சரிவில் ஒரு சங்கம் – 7: மேல்வீட்டுத் தண்ணீர்

கலிஃபோர்னியாவின் பாலோஸ் வெர்டிஸ் குன்றும், அங்கே வீடு எப்படி இருக்க வேண்டும் என்று விதித்து 1923-ல் பதிவான நிபந்தனைப் பத்திரமும், வீட்டு வரைபடத்தைப் பார்த்து ஒப்புதல் தரும் கலைக் குழுவும் நினைவிருக்கும். இந்த வாரம் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் சந்தாக் கணக்கு என்று சொல்லியிருந்தேன். அதற்காகக் கலிஃபோர்னியாவின் சட்டங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 1979-ல் வந்த ஒரு சட்டம் கண்ணில் பட்டது. அதைக் கொண்டுவந்த செனட்டர் ராபர்ட் பெவர்லியின் பெயரால் பெவர்லி சட்டம் என்கிறார்கள். படித்ததிலிருந்து வேறெதுவும் ஓடவில்லை. சந்தா ஒரு வாரம் பொறுக்கட்டும்.

நிலம் சரியும் இடத்தில் சொத்து வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடி, சரிவைத் தடுப்பதற்கென்றே ஒரு வட்டாரத்தை அமைத்துக்கொள்ளலாம் என்கிறது அந்தச் சட்டம். அந்த வட்டாரத்துக்கு வரி விதிக்கலாம், கடன் பத்திரம் வெளியிடலாம், தேவைப்பட்டால் நிலத்தைக் கையகப்படுத்தலாம். அதாவது அது ஒரு குட்டி அரசாங்கம். அதன் எல்லையைப் பாருங்கள்: இரண்டு ஊர்களின் எல்லையைத் தாண்டியும் போகலாம், நிலங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தடுப்பு வேலையால் எந்த நிலத்துக்கு நன்மையோ அந்த நிலம் உள்ளே. வீட்டு உரிமையாளர் சங்கத்தின் எல்லை, மனை பிரித்து விற்றவர் கோடு போட்ட இடத்தில் நிற்கும். இந்த வட்டாரத்தின் எல்லையோ மண்ணின் போக்கைப் பார்த்து வரையப்படுகிறது. குன்றில் குடியிருப்பவர்களைப் பற்றி எழுதத் தொடங்கிய நாளிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்தது இப்படியொரு கோட்டைத்தான்.

இந்தக் கோட்டுக்கு என்ன தேவை வந்தது? அதற்குக் குன்றின் வயிற்றுக்குள் போக வேண்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே கடலுக்குள் நீண்டிருக்கும் நிலத்தில் எழுந்த குன்று இது. தென்சரிவில், கடலைப் பார்த்த பக்கம், போர்ச்சுகீஸ் பெண்ட் என்ற குடியிருப்பு. அடியில் இருக்கும் பாறை அடுக்குகள் கடலை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. அடுக்குகளுக்கு நடுவே பென்டோனைட் என்ற களிமண். ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன் விழுந்த எரிமலைச் சாம்பல் உருமாறி உண்டானது. காய்ந்திருக்கும்வரை இதனால் தொந்தரவு இல்லை. தண்ணீர் பட்டால் உப்பி, ஊறவைத்த வெந்தயம்போல வழவழவென்று ஆகிவிடும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் மண்ணும் பாறையும் வீடும் தோட்டமும் மொத்தமாகக் கடல் பக்கம் வழுக்கத் தொடங்கும். இங்கே பழைய சரிவுகள் இருப்பதை 1946-ல் வெளியான அமெரிக்க நிலவியல் துறை அறிக்கையே பதிவு செய்திருக்கிறது.

வீடு கட்டியவர்கள் அதற்குப் பிறகும் வந்தார்கள். பாதாள சாக்கடை இல்லை. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர், கழிப்பறைத் தண்ணீர், தோட்டத்துக்குப் பாய்ச்சிய தண்ணீர் எல்லாம் குன்றுக்குள்ளேயே இறங்கின. 1956-ல் கிரென்ஷா சாலையைக் கடல் பக்கம் நீட்டுவதற்காகச் சரிவின் தலைமாட்டில் ஏராளமான மண்ணைக் கொட்டினார்கள். அந்த ஆகஸ்டில் குன்று நகர ஆரம்பித்தது. சுமார் 140 வீடுகள் நாசமாயின.

சாலை வேலை செய்த மாவட்ட நிர்வாகத்தின்மேல் வீட்டுக்காரர்கள் போட்ட வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போனது. ஆல்பர்ஸ் வழக்கு என்று பெயர், தீர்ப்பு வந்தது 1965-ல். மாவட்ட நிர்வாகம் கவனக்குறைவாக நடந்துகொண்டது என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் பொதுச் சாலைக்காகச் செய்த வேலையால் தனியாருடைய வீடு போயிருந்தால், அந்த இழப்பை அந்த வீட்டுக்காரர் மட்டும் சுமக்கக் கூடாது, ஊரே பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். 50 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கிடைத்தது. தப்பு யாருடையது என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, சுமை யாருடையது என்று கேட்ட தீர்ப்பு அது. பெவர்லி சட்டத்துக்கும் இதே மனம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டத்துக்குக் காரணம் பக்கத்துச் சரிவு. 1970-களில் மேற்கே அபலோனி கோவ் பகுதியும் நகரத் தொடங்கியது. சாலை போட்டார்கள், மண் கொட்டினார்கள் என்று கைகாட்ட இந்த முறை ஒருவரும் இல்லை. மழை பெய்தது, செப்டிக் டேங்குகள் கசிந்தன. மேலே இருப்பவர் வீட்டுக் குழாயைத் திறந்தால் கீழே இருப்பவர் வீட்டுச் சுவரில் விரிசல். மேலே இருப்பவர் ஒரு குற்றமும் செய்யவில்லை, குளித்தார், அவ்வளவுதான். யார்மேல் வழக்குப் போடுவது?

பெர்ரி ஏலிக் என்ற நிலவியல் பேராசிரியர் அந்தச் சரிவைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். மண்ணுக்குள் இருக்கும் தண்ணீரை ஆழ்துளைக் கிணறு போட்டு வெளியே இறைத்துவிட்டால் நகர்வு தணியும் என்றார். நம் ஊர்களில் தண்ணீர் வேண்டும் என்று போர் போடுவோம். அங்கே தண்ணீர் வேண்டாம் என்று போட்டார்கள். கிணறு போட யாருடைய மனை? மோட்டாருக்கு மின்கட்டணம் யார் கட்டுவது? ஐந்து வீட்டார் பணம் போட்டால் பலன் மொத்தச் சரிவுக்கும் போகும். மற்றவர்கள் சும்மா இருந்துவிடுவார்கள். அங்கேதான் சட்டம் தேவைப்பட்டது. சொத்தில் குறைந்தது 10 சதவீதத்துக்கு உரியவர்கள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தால் போதும், வட்டாரம் அமைக்கும் நடவடிக்கை தொடங்கிவிடும். சொத்து மதிப்பில் பாதிக்கு மேல் வைத்திருப்பவர்கள் எதிர்த்தால் கைவிட வேண்டும். சான்று பெற்ற பொறியியல் நிலவியலாளர் ஒருவர் எழுதிய தடுப்புத் திட்டம் கையில் இல்லாமல் வட்டாரம் அமைக்கவே முடியாது. கலிஃபோர்னியாவில் இப்படி முதலில் அமைந்தது அபலோனி கோவ் வட்டாரம். நிலத்துக்காரர்களே இயக்குநர்கள். கிணறுகள் இறைத்தன, நகர்வு வெகுவாகத் தணிந்தது. 2000-களின் தொடக்கத்தில் பாதாள சாக்கடையும் வந்தது.

இதை வாசித்தபோது 1923 பத்திரத்தின் நிபந்தனைகளை மறுபடி நினைத்துப் பார்த்தேன். கூரை எப்படி இருக்க வேண்டும், சுவருக்கு என்ன நிறம், வேலி எத்தனை உயரம், எல்லாம் எழுதி வைத்தார்கள். குன்றின் உச்சியில் உள்ள ரோலிங் ஹில்ஸில் இன்றும் வீடுகள் ஒற்றைத் தளமாக, வெள்ளைப் பெயின்ட்டுடன் இருந்தாக வேண்டும். 1923 பத்திரத்தில் யார் குடிவரக் கூடாது என்று இன நிபந்தனையும் எழுதினார்கள். வெள்ளையர் அல்லாதவருக்கு வேலைக்காரராக மட்டுமே இடம் என்று வைத்த அந்த அநியாயத்தை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் கட்டுப்படுத்த நினைத்த அக்கறையில் ஒரு பங்கு, மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர்மேல் திரும்பியிருந்தால்!

மயில்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1913-ல் இந்தக் குன்றில் 16,000 ஏக்கரை வாங்கிய வங்கித் தலைவர் ஃபிராங்க் வாண்டர்லிப், 1920-களில் தன் பண்ணைக்கு மயில் கொண்டுவந்தார். நம் இந்திய மயிலேதான். அவை பெருகி இன்று தெருத்தெருவாக அலைகின்றன. ஒரு வீட்டார் பாசத்தோடு தீனி போடுவார்கள், அடுத்த வீட்டார் இரவெல்லாம் அகவுகிறது, தோட்டத்தைக் கிளறுகிறது என்று புகார் கொடுப்பார்கள். நகராட்சிகள் பிடித்து வேறிடம் அனுப்பவும் செய்கின்றன. மயில் அகவினால் தெருவே விழித்துக்கொள்கிறது. தண்ணீர் இறங்கும் சத்தம் ஒருவர் காதிலும் விழுவதில்லை.

சரி, வட்டாரம் வந்ததும் எல்லாம் சுகமாகிவிட்டதா? இல்லை. 2023, 2024 குளிர்கால மழைகளுக்குப் பிறகு மொத்தச் சரிவும் வேகமெடுத்தது. 2024 ஆகஸ்டில் சில இடங்களில் வாரத்துக்கு ஒரு அடி. அதற்கு முன் தெரியாத இன்னொரு வழுக்குத் தளம் 300 அடிக்கும் கீழே இருப்பது தெரியவந்தது. பழைய கிணறுகள் அவ்வளவு ஆழம் போகவில்லை. ஜூலை கடைசியில் 135 வீடுகளுக்குக் காஸ் இணைப்பு துண்டிக்கப்பட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் தீப்பற்றும் அபாயத்துக்காக மின்சாரமும் போனது. ஆளுநர் அவசரநிலை அறிவித்தார். லாயிட் ரைட் வடிவமைத்து 1951-ல் கட்டிய கண்ணாடிக் கோயிலான வேஃபேரர்ஸ் சாப்பல் 2023 டிசம்பரில் தேசியச் சின்னமானது. அடுத்த பிப்ரவரியில் அதை மூடினார்கள், பிறகு பகுதி பகுதியாகக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். வீடுகளை வாங்கிக்கொள்ள 4.2 கோடி டாலர் திட்டம் வந்தது. போகாமல் நின்றவர்கள் ஜெனரேட்டரும் சோலார் தகடும் வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு அடியில் இரும்பு உத்திரங்களைக் கொடுத்து, தரை இறங்க இறங்க ஜாக்கி போட்டு மட்டம் பார்த்துக்கொள்பவர்களும் உண்டு. இன்னும் ஆழமான கிணறுகள் தோண்டித் தண்ணீரை இறைத்த பிறகு வேகம் மறுபடி குறைந்தது. ஏலிக் காட்டிய வழிதான், இந்த முறை இன்னும் ஆழத்தில்.

இதைத் தோல்வி என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. காலம் தாழ்ந்த பாடம் என்பேன். அபலோனி கோவில் நிலம் நகர்ந்த பிறகு கூடினார்கள். வடக்கே கான்ட்ரா கோஸ்டா மாவட்டத்தில் பிளாக்ஹாக் குடியிருப்பைப் பாருங்கள். அங்கே தெருவையும் பூங்காவையும் பார்த்துக்கொள்ளச் சங்கம் ஒரு பக்கம். 1986-லேயே சரிவைப் பார்த்துக்கொள்ளத் தனி வட்டாரம் இன்னொரு பக்கம். வட்டாரத்துக்கான பணம் சொத்து வரிச் சீட்டோடு சேர்ந்து வருகிறது. ஒரு சுவரும் விரியாத ஆண்டிலும் அந்தப் பணம் சேர்கிறது. ஒரு குன்றுக்கு இதைவிட நல்ல சேமிப்பை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பெரிய சட்டம் இல்லாத குன்றிலும் சங்கம் செய்யக்கூடியது உண்டு. கலிஃபோர்னியாவின் மலைக் குடியிருப்புகளில் சரிவின் குறுக்கே, வீட்டுப் பின்கட்டுகளைக் கடந்து, V வடிவத்தில் சிமென்ட் வாய்க்கால் ஓடும். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் அதன் வழியே வெளியேற வேண்டும். இலைதழை அடைத்துக்கொண்டாலோ, அழகுக்காக யாராவது அதன்மேல் செடி வைத்தாலோ, தண்ணீர் கரை மீறிக் கீழ்வீட்டு மனையில் இறங்கும். வாய்க்கால் என் மனையில் இருக்கிறது, அது காப்பதோ இன்னொருவர் வீட்டை. சங்கம் என்று ஒன்று எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த வாய்க்கால்தான். வேலி நிறத்துக்கு நோட்டீஸ் அனுப்புவதற்கு முன், மழைக்காலத்துக்கு முன், நிர்வாகக் குழு அதன் நெடுகே ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் சங்கம் உள்ள குடியிருப்பில் வீடு வாங்குபவருக்கு விற்பவர் நிபந்தனைப் பத்திரம், வரவு செலவுத் திட்டம், சேமநிதி நிலவரம் எல்லாவற்றையும் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகளுக்கு அதில் பதில் தேடுங்கள்: கூரைத் தண்ணீர் எங்கே போகிறது? சரிவு வாய்க்காலைச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு? மண் நகர்ந்தால் செலவு செய்ய எந்தக் கணக்கில் பணம் இருக்கிறது?

மூன்றாவது கேள்வி நேரே சந்தாவில் கொண்டுவந்து விடுகிறது. கலிஃபோர்னியாவில் சந்தா பாக்கிக்காகச் சங்கம் ஒருவரது வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவர முடியும். பாக்கி 1,800 டாலரை எட்ட வேண்டும், அல்லது 12 மாதத்துக்கு மேல் நிற்க வேண்டும். சேமநிதி இல்லாவிட்டால் குன்று போகும், சேமநிதிக்காக நெருக்கினால் ஒரு குடும்பத்தின் வீடு போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் சட்டம் எங்கே நிற்கிறது, எங்கே நின்றிருக்க வேண்டும் என்பதை அடுத்த வாரம் கணக்கோடு பார்ப்போம்.

(தொடரும்)